பூச்சி முதலில், செடி பிறகு

தாளின் ஓரத்தில் ஒரு வெட்டுக்கிளி. கட்டைவிரல் அளவுதான். மற்ற இடமெல்லாம் வெறும் வெள்ளை. அது உட்கார ஒரு காம்புகூடக் கிடையாது. வரைந்தவர் சீன ஓவியர் சி பைஷி.

எட்ட நின்று பார்த்தால் ஏதோ மை சிந்திய இடம் போலத் தெரியும். குனிந்தால்தான் உணர்கொம்புகள் கண்ணில் படும். தலைமயிர் போன்ற கோடுதான். ஆனால் நடுவில் எங்கேயும் தயங்கி நிற்கவில்லை. கால்கள் மூட்டுக்கு மூட்டு அழுந்தி, விட்டு, மறுபடி அழுந்திப் போகின்றன. புகைக்கரியும் பசையும் சேர்த்துக் கட்டியாக்கிய மையைக் கல்லில் நீர் விட்டு உரைத்து வரைவது இந்தக் கலை. நீர் கூடினால் சாம்பல், குறைந்தால் அட்டக் கறுப்பு. தாளில் பட்டதை அழிக்க வழியில்லை. அவருடைய தும்பிகளின் இறக்கை இன்னும் அதிசயம்: ஒளி ஊடுருவும் ஒன்றைக் கரியால் வரைந்து காட்டுகிறார்.

சி பைஷி 1864-இல் ஹூனான் மாகாணத்தில் ஏழை உழவர் வீட்டில் பிறந்தவர். இளமையில் தச்சர், மரத்தில் பூவேலை செதுக்கியவர். மூட்டுகளில் அவருக்கு இருந்த அக்கறை அங்கிருந்து வந்ததோ என்று எனக்கு ஒரு சந்தேகம். பூச்சியை நுணுக்கமாகவும், அது அமரும் இலையையும் பூவையும் அகலத் தூரிகையால் வீச்சாகவும் தீட்டுவது பின்னாளில் அவர் பாணியானது.

வயதானால் பார்வை மங்கும், கை நடுங்கும் என்று தெரிந்த மனிதர் அவர். அதனால் கண் நன்றாக இருந்த காலத்திலேயே தாள் தாளாகப் பூச்சிகளை மட்டும் வரைந்து அடுக்கிவைத்தார். செடி கொடிகளைக் கிழவனான பிறகு போட்டுக்கொள்ளலாம் என்பது கணக்கு. 1957-இல் இறந்தபோது வயது தொண்ணூறைத் தாண்டியிருந்தது. அப்போதும் எத்தனையோ தாள்களில் செடி வந்து சேரவில்லை. அவற்றை அரைகுறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு வாழையிலையைப் பக்கத்தில் போட்டிருந்தால் நம் கண் முதலில் அங்கேதான் போயிருக்கும்.

நாம் தள்ளிப்போடுவது நேர்தலைகீழ். வீணை கற்பது, கம்பனை வரிவரியாகப் படிப்பது, பாட்டியைப் பக்கத்தில் உட்காரவைத்துக் குடும்பக் கதை கேட்பது எல்லாம் ‘ரிட்டயர் ஆகட்டும், நிதானமாகப் பார்த்துக்கலாம்’ என்ற கணக்கில் போகின்றன. வெள்ளெழுத்து அதற்கு முன்பே வந்துவிடுகிறது, பாட்டியும் காத்திருப்பதில்லை. அதுவரை ஓடி ஓடிச் செய்வதில் முக்கால்வாசி, எண்பது வயதிலும் செய்யக்கூடிய அகலத் தூரிகை வேலைதான். ஊர் நியாயம் பேசவும், பேரனுக்குப் புத்தி சொல்லவும், கல்யாண வீட்டில் சாம்பாரைக் குறை சொல்லவும் கூர்மையான கண் எதற்கு? வெட்டுக்கிளியின் பின்னங்காலில் முள் வரிசையை வைக்கத்தான் அது வேண்டும்.