பூமிக்குப் பட்ட கடன்

நேர்மையான ஒருவனைச் சோதிப்பது அவனை அவமதிப்பதாகுமா? வியாபாரிகளாகிய நமக்கு இது புதிய கேள்வியன்று. தராசையும் எடைக்கல்லையும் பரிசோதிக்க அதிகாரி கடைக்குள் நுழையும்போது, ‘நம்மையா சந்தேகிக்கிறார்கள்?’ என்று மனம் ஒரு கணம் சுருங்கத்தான் செய்கிறது. அந்த மனச்சுருக்கம் நியாயமானதுதானா என்பதைச் சுரங்கத் தொழிலை முன்வைத்துச் சிறிது சிந்திப்போம்.

ஈப்போ, கம்பார் பக்கம் பயணம் செய்தோர் ஈயக்குட்டைகளைக் கண்டிருப்பர். கிந்தா பள்ளத்தாக்கில் நூறாண்டுக்கு மேலாக மண்ணைத் தோண்டிக் கரைத்து ஈயம் எடுத்தார்கள். அந்த ஈயத்தால் ஊர்கள் எழுந்தன; கடைத்தெருக்கள் செழித்தன. அச்செழிப்பில் வியாபாரிகளுக்கும் பங்கிருந்தது என்பதை நாம் மறுப்பதற்கில்லை. 1985-ஆம் ஆண்டு அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்தது. சுரங்கங்கள் பல மூடப்பட்டன. இயந்திரங்கள் போயின, ஆட்கள் போனார்கள், குழியும் மணலும் நின்றன. அத்தகைய நிலத்தைத் திருத்தவே முடியாது என்பதில்லை. தைப்பிங் ஏரிப் பூங்காவும் ஒரு காலத்தில் ஈயச் சுரங்கமாக இருந்த இடந்தான். ஆனால் லாபம் பெற்றவன் போய்விட்ட பிறகு, யார் பொறுப்பில், யார் பணத்தில் திருத்துவது என்பதே கேள்வி.

இக்கேள்விக்கு அமெரிக்க நாட்டின் சட்டம் ஒன்று விடை கூற முயன்றது. மேலிருந்து நிலத்தைத் தோண்டி நிலக்கரி எடுக்கும் சுரங்கங்களுக்காக, 1977 ஆகஸ்ட் 3-ஆம் நாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் அது. அதன்படி, தோண்டுவதற்கு அனுமதி கேட்கும்போதே மூடுவதற்கான திட்டத்தையும் கொடுத்தாக வேண்டும். மேல்மண்ணைத் தனியே எடுத்துப் பாதுகாக்க வேண்டும். குழியை நிரப்பி, நிலத்தைப் பெரும்பாலும் பழைய வடிவத்துக்கே கொண்டுவர வேண்டும். மேல்மண்ணை மீண்டும் பரப்பிச் செடிகொடி வளர்க்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் ஜாமீனும் கட்ட வேண்டும். கம்பெனி கைவிட்டு ஓடினாலும் அரசாங்கமே அந்த வேலையை முடிக்கப் போதுமான தொகையாக அது இருத்தல் வேண்டும். குழியை நிரப்பிச் சமன் செய்தால் ஜாமீனில் 60 சதவிகிதம் வரை விடுவிக்கலாம். செடிகொடிகள் நிலைத்து நிற்பதை 5 ஆண்டுகளும், மழை குறைந்த இடங்களில் 10 ஆண்டுகளும் பார்த்த பிறகே முழுவதும் விடுபடும்.

பரிசோதனையோ சராசரியாக மாதம் ஒரு முறை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை முழுப் பரிசோதனை. முன்னறிவிப்புக் கிடையாது, குறித்த நாளும் கிடையாது. பரிசோதிக்கும் மாநில அதிகாரிக்கு எந்த நிலக்கரிச் சுரங்கத்திலும் பணத் தொடர்பு இருத்தல் கூடாது. குறை கண்டு புகார் எழுதி, அதனால் பரிசோதனை நடக்குமானால், புகார் எழுதியவரும் அதிகாரியுடன் சென்று பார்க்கலாம்.

இவ்வளவு அவநம்பிக்கை எதற்கு என்று சிலர் கேட்கலாம். அன்பர்களே, நம் பேரேட்டைப் புரட்டிப் பாருங்கள். நெடுநாள் பழகிய நண்பருக்குக் கடன் கொடுத்தாலும் அன்றே எழுதி வைக்கிறோம். அது நண்பரை அவமதிப்பதாகாது. காலம் மாறும், ஞாபகம் மறையும், மனிதனும் மறைவான் என்பதால் எழுதுகிறோம். சாதாரணக் கடனிலாவது கொடுத்தவர் வந்து கேட்பார். நிலத்தைத் தோண்டுகிறவன் யாரிடம் கடன் வாங்குகிறான்? இன்னும் பிறவாத பிள்ளைகளிடம் வாங்குகிறான். அவர்கள் வந்து வாசலில் நின்று கேட்க முடியாது. பரிசோதகர் அவர்களுடைய ஏஜெண்டாகவே அங்கு வருகிறார்.

அந்தச் சட்டத்திலும் ஒரு வழி திறந்திருந்தது. பண பலம் மிக்க கம்பெனி என்று காட்டினால், வெளியார் ஜாமீன் இன்றித் தன் வாக்கையே ஜாமீனாக வைக்கலாம். அவ்வாறு வைத்திருந்த பெருங்கம்பெனிகளில் ஆல்ஃபா 2015-லும், ஆர்ச், பீபாடி ஆகியவை 2016-லும் கடன் தாளாமல் நீதிமன்றத்தை நாடின. அவர்கள் வாக்கை நம்பியிருந்த மாநிலங்கள் கலங்கின. நல்ல நாளில் கொடுத்த வாக்கு கெட்ட நாளில் என்ன பெறும் என்பது வியாபாரிகளுக்குத் தெரியாததன்று.

அப்படியானால் பயத்தினால் செய்யும் நன்மையும் நன்மைதானா? நிலத்தைப் பொறுத்தவரை ஆம். திரும்பப் போட்ட மேல்மண், போட்டவன் மனத்தை விசாரிப்பதில்லை. புல் முளைக்கவே செய்யும். போட்டவனைப் பொறுத்தவரை அது போதாது. பரிசோதகர் மாதத்தில் ஒரு நாள் வருகிறார். மற்ற நாட்களில் மேல்மண்ணும் அடிமண்ணும் கலவாமல் பார்த்துக்கொள்வது சுரங்கக்காரனின் மனச்சாட்சியே. கலந்து போனதைப் பிறகு எந்த அதிகாரியாலும் பிரித்துத் தர முடியாது.

ஆகவே சோதனை வேறு, நேர்மை வேறு. ஒன்று மற்றொன்றின் இடத்தை நிரப்பாது. நேர்மையாளன் சோதனைக்குக் கூசமாட்டான். கேட்க இயலாதவனிடம் பட்ட கடனையும் வாங்கும்போதே தன் கையால் எழுதி வைப்பவன் அவன். அடுத்த முறை அதிகாரி நம் கடைக்குள் நுழையும்போது, நாம் காணாத ஒரு வாடிக்கைக்காரரின் சார்பாகவும் அவர் வந்திருக்கிறார் என எண்ணி, முகம் சுளிக்காமல் தராசை எடுத்து வைப்போமாக.