தாய்க்குத் தரும் மருந்தும் சிசுவின் குடலும்

மாதம் நிறையுமுன் பனிக்குடம் உடைந்து, உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமமொன்றிலிருந்து 108 வண்டியில் மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படும் கர்ப்பிணிக்குச் செலுத்தும் மருந்து இரண்டு ஜீவன்களைச் சேருகிறது. அவற்றுள் ஒன்றுக்குத்தான் வேண்டுமென்றோ வேண்டாமென்றோ சொல்ல வாய் உண்டு. மற்றொன்றின் சார்பில் அபாயத்தை ஏற்கும் அதிகாரம் யாருக்கு, எவ்வளவு தூரம் உண்டு என்பது ஆற அமர யோசிக்கவேண்டிய கேள்வி. பிரசவ அறையிலோ அதற்கு அவகாசம் இருப்பதில்லை.

பனிக்குடம் உடைந்தபின் கிருமி மேலேறும் என்ற அச்சம் நியாயமானதே. அதைத் தடுக்கும் வழி தேடி நடந்து 2001-இல் வெளியான ஆரக்கிள் ஆய்வில், 4,826 தாய்மாரைப் பிரித்து, சிலருக்கு எரித்ரோமைசினும், சிலருக்கு அமாக்சிசிலினுடன் கிளாவுலனிக் அமிலம் சேர்ந்த கூட்டு மருந்தும், சிலருக்கு இரண்டும், சிலருக்கு வெற்று மாத்திரையும் தந்து பார்த்தார்கள். எரித்ரோமைசின் ஓரளவு நன்மை செய்தது. கூட்டு மருந்து உட்கொண்டவர்களின் சிசுக்களிடையிலோ, குடற்சுவர் வீங்கித் திசு மாய்ந்து சில சமயம் துளையும் விழுந்துவிடும் நெக்ரோடைசிங் என்டிரோகோலைடிஸ் என்னும் கொடிய வியாதி, மற்றவர்களிடம் நூற்றுக்கு ஒன்றினும் குறைவாயிருக்க, இரண்டை நெருங்கியது. முதிராத குடலில் முதன்முதல் குடியேறும் நுண்ணுயிர்களின் ஒழுங்கு குலைந்தது காரணமாகலாம் என்று ஊகித்தனர். மருந்தைத் தந்தவர் எவரும் தீங்கெண்ணித் தரவில்லை. விவகாரத்தின் சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

இவ்வளவைக்கொண்டு, கர்ப்பிணிக்கு மருந்தே ஆகாதென்று முடிவுகட்டுவது பெரும்பிழை. நியூசிலாந்தின் லிக்கின்ஸ், ஹோவி இருவரும் 1972-இல் வெளியிட்ட ஆய்வுக்குப்பின் பரவிய, குறைமாதப் பிரசவத்துக்குமுன் தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி, சிசுவின் நுரையீரலுக்கு உதவுவதோடு மேற்சொன்ன குடல் வியாதியையும் குறைப்பதாகக் கண்டிருக்கிறார்கள். ஆயினும் அதே ஊசியை, பெல்காம், நாகபுரி வட்டாரங்கள் உட்பட ஆறு நாடுகளின் கிராமப்புறங்களில் பரவலாக்கிப் பார்த்து 2014-இல் வெளியிட்ட ஆய்வில், சிசு மரணம் குறைவதற்குப் பதிலாக மொத்தத்தில் சற்றே கூடியிருந்தது. கிராம சுகாதாரச் செவிலியரும் முதல் ஊசியைப் போட்டு அனுப்பலாமென்று இந்திய அரசு வழிவகுத்ததும் அதே ஆண்டுதான். பின்னர் 2020-இல் வெளியான ஆய்வில், ஸ்கேன் மூலம் வாரக்கணக்கை நிச்சயித்து, பிறந்த சிசுவைப் பேண வசதியுள்ள மருத்துவமனைகளில் தந்தபோது, அந்த ஊசியே உயிர்காத்தது. அழகர் ஆற்றில் இறங்கியதற்கு முன்பா, பின்பா என்று மட்டுமே நாள் சொல்லக்கூடிய ஒரு தாய்க்கு, அந்த ஊசிக்கு எல்லையான 34 வாரத்தைக் கரு தாண்டவில்லை என்று எதைக்கொண்டு நிர்ணயிப்பது?

மருந்து தராமல் விட்டு நேர்ந்த கேட்டுக்கு வைத்தியரைப் பழிக்கிறோம். தந்ததால் நேர்ந்த கேட்டை விதியென்று விட்டுவிடுகிறோம். இந்த ஓரவஞ்சனையே, 'எதற்கும் இருக்கட்டும்' என்று சீட்டில் இன்னொரு மருந்தை எழுதத் தூண்டுகிறது. அவசியத்துக்குத் தந்த மருந்து தீங்காய் முடிந்தால், அதில் வருத்தம் உண்டு, குற்றமில்லை. அவசியமின்றித் தந்ததும், வலியில் துடிப்பவளிடம் விளக்காமல் கைநாட்டு வாங்கியதும், கெடுதல் நேராதுபோயினும் குற்றமே.

ஆகவே மருத்துவர்களிடம் வேண்டுவது இதுதான்: இன்ன மருந்தை, இன்ன காரணத்துக்காகத் தருகிறோம் என்று தாய்க்குப் புரியும் தமிழில் சொல்லுங்கள், அதன் பெயரையும் தந்த நேரத்தையும் எழுதி, சிசுவோடு பச்சிளங்குழந்தைப் பிரிவுக்கு அனுப்புங்கள். வயிறு உப்புகிறதா, மலத்தில் இரத்தம் தெரிகிறதா என்று இரவெல்லாம் பார்த்திருக்கும் செவிலியருக்கு அந்தக் குறிப்பு தேவைப்படும்.