எள்ளளவுச் சிவப்பு

நெல்லிக்குப்பத்தில் ஒரு பெரியவர் வீட்டுக் கூடத்தில், சென்ற மாசி மாதத்து மாலையொன்றில், அவர் பல காலமாகச் சேர்த்து வைத்திருக்கும் பழம்பொருள்களுள் ஒன்றான சீனத்துச் செதுக்குப் பேழையைக் கையில் வாங்கிப் பார்த்தேன். திருப்பிக் கொடுத்தபோது அது வாங்கியபடியே இருக்கவில்லை. மூடியின் விளிம்பில் முன்னமே சிறிது பெயர்ந்திருந்த இடத்தில் என் விரல் பட்டது, ஏதோ உதிர்ந்ததை விரல்நுனி அறிந்தது, வாய் திறக்கவில்லை. வீடு வந்து வேஷ்டி மடிப்பை உதறியபோது, எள்ளளவான அந்தச் சிவப்புத் துணுக்கு பாயில் விழுந்தது.

அரக்குப் பேழை என்று சொல்லிவிடுகிறோமே தவிர, பூச்சியினின்று கிடைக்கும் நம் அரக்கு வேறு, இது வேறு. ஒருவகை மரத்தின் பாலில் சாதிலிங்கத்தைக் குழைத்து, ஒரு பூச்சு இறுகிய பின் மறு பூச்சாகப் பத்துக்கணக்கில், சிலவற்றில் நூற்றுக்கு மேலும் பூசி, அந்தக் கனத்தில்தான் பூவும் கொடியும் செதுக்குவார்கள். அந்தப் பால் வெயிலில் காய்வதில்லை. ஈரக் காற்றில்தான் இறுகுகிறது. துணுக்கைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன்: சிவப்பு, நடுவே மயிரிழை போல் ஒரு கறுப்பு, மீண்டும் சிவப்பு. எவ்வளவு ஆழம் போகலாம் என்று உளிக்கு உணர்த்தவே சிவப்பின் நடுவே கறுப்பு ஒன்றைப் பூசி வைப்பதுண்டு என்று எப்போதோ படித்த ஞாபகம். அந்தக் கறுப்பு இழை என்னை விடவில்லை.

சீனத்துக்கும் நமக்கும் பழக்கம் புதிதன்று. சோழர் தூது 1015இலும் 1033இலும் 1077இலும் அங்கே போயிருக்கிறது. நம் துறைமுகங்கள் வழியே ஐரோப்பா சென்ற சீனத் தட்டிகளுக்கு, அவை பிறந்த நாட்டின் பெயரல்லாமல், நம் சோழமண்டலக் கரையின் பெயரே நிலைத்துவிட்டது. தெற்கத்தி உறவினர் சீனி என்பதை நாங்கள் சர்க்கரை என்போம். அந்தச் சீனியிலும் சீனம் இருக்கிறது. நெல்லிக்குப்பத்துச் சர்க்கரை ஆலையோ 1842இல் ஏற்பட்டது. அரைவைக் காலத்தில் கரும்பு வண்டிகள் வரிசையாய் நிற்கும். எட்டு வயதில் ஒரு வண்டியின் பின்னாலிருந்து கரும்பு இழுத்தேன். நுனித்துண்டுதான் கையோடு வந்தது. வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார். "அதப் போடுடா, நுனி உப்புக் கரிக்கும்" என்று சொல்லி, அடிக்கரும்பாக ஒன்றை ஒடித்துக் கொடுத்தார். தின்றேன், தித்தித்தது. ஆனால் அதன் பிறகு அவர் வண்டி வரும் வழியில் நான் நின்றதே இல்லை. அடித்திருந்தால் மறுநாளே போய் நின்றிருப்பேன் என்று நினைக்கிறேன்.

இப்போதும் அப்படியே நெல்லிக்குப்பத்தைத் தவிர்க்கிறேன். போய்ச் சொன்னால் என் பாரம் இறங்கும். ஆனால் எண்பது வயதில் அவர் "பரவாயில்லை" என்று சொல்லியாக வேண்டிய சங்கடத்தை அவர் தலையில் வைப்பது தர்மமா என்று ஒரு சமயம் தோன்றுகிறது. சொல்லாவிட்டாலோ, என்றாவது அவர் கண்ணில் பட்டு, கூடம் துடைக்க வரும் பெண்ணின் மேல் அவருக்குச் சந்தேகம் விழக்கூடுமே என்று நினைக்கும்போது, முன் சொன்ன நியாயம் அத்தனையும் என் கோழைத்தனம் கட்டிக்கொண்ட வேஷமாகத் தெரிகிறது. ஒருமுறை கடலூரிலிருந்து பஸ் ஏறிப் போனேன். அவர் உறங்கிக்கொண்டிருந்தார். எழுப்பாமல் திரும்பினேன், அப்போது உண்டான நிம்மதி எனக்கே பிடிக்கவில்லை.

துணுக்கு தீப்பெட்டி ஒன்றில் இருக்கிறது. அன்று பேழையைத் திரும்ப வாங்கிய பெரியவர், மேல்துண்டால் ஒருமுறை ஒற்றி, பெயர்ந்த விளிம்பு சுவர்ப்பக்கம் இருக்கும்படி மாடத்தில் வைத்தார். எப்போதும் அப்படித்தான் வைப்பாரோ, அன்றுதான் அப்படி வைத்தாரோ, எனக்குத் தெரியவில்லை.