மாற்ற முடியாததை முதலில் தீர்மானியுங்கள்

போடிநாயக்கனூரிலோ பொட்டிபுரத்திலோ இருக்கும் ஒருவர், பட்டறையில் சொல்லிவைத்து ஒரு வீணை செய்து வாங்க விரும்பினால், திண்டுக்கல், திருச்சி வழியாகத் தஞ்சாவூருக்குத்தான் போகவேண்டும். அங்கே தலைமுறைகளாக வீணை செய்யும் குடும்பங்கள் இருக்கின்றன. தஞ்சாவூர் வீணைக்கு 2013-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கடையில் தயாராக இருக்கும் வீணையை வாசித்துப் பார்த்து வாங்கிவருவது ஒரு வழி. நமக்கென்று செய்யச் சொல்லி, சில வாரங்களோ மாதங்களோ காத்திருந்து வாங்குவது இன்னொரு வழி. இரண்டாவது வழியில் போகிறவர் பட்டறைப் படி ஏறும்போதே தனக்கு என்ன வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். மரம் அறுபட்ட பிறகு பல விஷயங்களில் பேச்சுக்கே இடம் இருக்காது.

எந்த முடிவை முதலில் எடுப்பது? ஒரு வீணையில் உள்ளவற்றை இரண்டாகப் பிரித்துக்கொண்டால் பாதை தெளிவாகும். மரம், குடத்தின் வடிவமும் கனமும், தண்டியின் நீள அகலம், ஒட்டு விழும் இடங்கள் ஆகியவை ஒருமுறை அமைந்தால் அமைந்ததுதான். குதிரை, மெட்டு, தந்தி, பிரடை, சுரைக்காய் ஆகியவற்றைப் பிறகும் மாற்றலாம், சீர் செய்யலாம். யாளி முகத்தின் வேலைப்பாடும் குடத்தின் மேல் பதிக்கும் பூவும் கண்ணை முதலில் இழுக்கும். ஆனால் கவனத்தின் பெரும்பங்கு மாற்ற முடியாதவற்றுக்குத்தான் போகவேண்டும்.

மரத்திலிருந்து தொடங்குவோம். தஞ்சாவூர் வீணை பலா மரத்தில் செய்யப்படுகிறது. பெரும்பாலும் பண்ருட்டிப் பக்கத்துப் பலா. நல்ல பலாவை வெட்டினால் வெளியே வெளுத்த பகுதியும் உள்ளே மஞ்சளாக வைரம் பாய்ந்த பகுதியும் தெரியும். வெளுத்த பகுதியைப் பூச்சி அரிக்கும், ஈரமும் எளிதில் ஏறும். குடம் ஓர் அடிக்கு மேல் அகலம் கொண்டது. அந்த அகலம் முழுவதும் வைரப் பகுதியிலேயே கிடைக்க வேண்டும் என்றால் மரத்துக்கு வயது வேண்டும், அடிமரம் பருத்திருக்க வேண்டும், கணு குறைவாக இருக்க வேண்டும். இளமரத்தில் கடைந்த குடத்தின் ஓரத்தில் வெளுத்த பட்டை தெரிந்தால், மெருகு பூசுவதற்கு முன்பே அதைப் பார்த்துவிடுவது நல்லது. மெருகு ஏறிவிட்டால் பழுப்பு நிறத்துக்கு அடியில் எல்லா மரமும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆகவே மெருகு பூசாமல், கடைந்த நிலையிலேயே ஒருமுறை நேரில் பார்க்க வருவேன் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். நல்ல ஆசாரி இதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

மரத்தின் தரத்துக்கு இணையானது அது காய்ந்த விதம். இதைப் போடி வட்டாரத்து ஆட்களுக்கு விளக்க அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. பச்சை ஏலக்காய் ஐந்து கிலோ உலர்த்தும் ஸ்டோரில் காய்ந்து வந்தால் ஏறத்தாழ ஒரு கிலோ மிஞ்சும். அவசரப்பட்டுச் சூட்டை ஏற்றினால் தோல் வெடிக்கும், நிறம் போகும். ஈரம் நிற்கும்படி மூட்டை கட்டினால் பூஞ்சை பிடிக்கும். மரமும் அப்படித்தான். அறுத்த கட்டையின் முனைகள் நடுப்பகுதியைவிட வேகமாகக் காயும். அதனால் வெடிப்பு முனையில் தொடங்கி உள்ளே ஓடும். நிழலில், காற்றோட்டத்தில், மெதுவாகக் காய்ந்த கட்டைதான் பிற்பாடு நெளியாது.

காய்ந்த மரம்கூட முழுதும் அடங்கிவிடுவதில்லை. சுற்றியுள்ள காற்றில் ஈரம் கூடினால் மரம் அதை வாங்கிக்கொண்டு உப்பும். காற்று உலர்ந்தால் ஈரத்தை விட்டுச் சுருங்கும். இழையோட்டத்தின் நீளவாக்கில் இந்த அசைவு மிகக் குறைவு, குறுக்கே அதிகம். ஆகவே தண்டியின் நீளம் மாறாது. ஆனால் அகலமான மேற்பலகையும் குடத்தின் வாயும் ஒட்டுகளும் ஒவ்வொரு பருவத்திலும் கொஞ்சம் அசையும்.

இந்த இடத்தில்தான் நம் ஊர் விசேஷமான ஊராகிறது. தென்மேற்குப் பருவத்தில் மலைக்கு அப்பால் மழை கொட்டும்போது, மலையின் இந்தப் பக்கம் மழைமறைவாக இருக்கும். போடியிலும் பொட்டிபுரத்திலும் ஆடிக்காற்று உலர்ந்து வீசும். 17 கொண்டைஊசி வளைவுகள் ஏறி ஏறத்தாழ 4,500 அடி உயரத்துப் போடிமெட்டுக்குப் போனால் அதே நாளில் மூடுபனியும் சாரலும். தோட்டத்திலும் ஊரிலுமாக இரண்டு வீடு வைத்திருக்கும் குடும்பங்கள் இங்கே ஏராளம். வீணை எந்த வீட்டில் இருக்கப்போகிறது, மேலும் கீழும் போய்வருமா என்பதை ஆசாரியிடம் சொல்வது, சுருதி சொல்வதற்குச் சமமான முக்கியத்துவம் உடையது. தஞ்சாவூர் டெல்டாவின் காற்றுக்குப் பழகிய கட்டையை அவர் இன்னும் கொஞ்சநாள் ஆறப்போடலாம், மேற்பலகையின் கனத்தில் சற்று இடம் விட்டுச் செய்யலாம்.

ஏலத்தோட்டத்துக்காரர்களுக்கு இயல்பாகவே எழும் ஆசை ஒன்று உண்டு. ஏலச்செடிக்கு நிழல் தரும் மரங்களில் பலாவும் சந்தனவேம்பும் இருக்கின்றன. வடக்கே மீரஜ் பட்டறைகளில் சிதார் தண்டிக்குப் பயன்படுவது சந்தனவேம்பின் மரம்தான். அப்படியிருக்க, நம் தோட்டத்துப் பலாவையே கொடுத்து வீணை செய்யச் சொன்னால் என்ன? செய்யலாம், ஆனால் மூன்று நிபந்தனைகளோடு. ஒன்று, அறிவிக்கப்பட்ட மலைப்பகுதிகளில் மரம் வெட்ட அனுமதி வேண்டும் என்று 1955-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. நிழல் மரத்தைச் சாய்த்தால் கீழே உள்ள ஏலமும் வெயிலில் வாடும். ஆகவே காற்றில் விழுந்த மரத்தைப் பற்றி யோசிப்பதே முறை, அதற்கும் அனுமதி விவரத்தை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு, விழுந்த மரம் மண்ணில் நாள்பட்டுக் கிடந்திருந்தால் பூஞ்சையும் வண்டும் உள்ளே போயிருக்கும். மூன்று, அந்த மரம் தேறுமா தேறாதா என்ற தீர்ப்பு ஆசாரியுடையது. அவர் வேண்டாம் என்றால் அந்தப் பலாவில் ஊஞ்சல் பலகை செய்துகொள்ளலாம். வீணைக்கு அவர் காட்டும் கட்டையை ஏற்றுக்கொள்ளுங்கள்.

அடுத்தது வடிவம். குடம், தண்டி, யாளி முகம் மூன்றையும் ஒரே மரத்துண்டிலிருந்து கடைந்தால் அது ஏகாந்த வீணை. தனித்தனியாகச் செய்து இணைத்தால் ஒட்டு வீணை. ஏகாந்தத்துக்கு நீளமும் அகலமும் பழுதின்மையும் ஒருங்கே அமைந்த பெரிய கட்டை வேண்டும். வீணாகும் மரமும் அதிகம். அதனால் விலை கூடும். அதிர்வு எங்கும் இணைப்பைக் கடக்காமல் ஓடுவதால் நாதம் நீளும் என்று வித்துவான்கள் பலர் அதை விரும்புகிறார்கள். ஆனால் நன்றாகக் காய்ந்த மரத்தில் இறுக்கமாகப் பொருத்திய ஒட்டு வீணை, சரியாகக் காயாத ஏகாந்த வீணையைவிட எல்லா வகையிலும் மேலானது. கையில் உள்ள பணம் வரையறைக்கு உட்பட்டது என்றால், வடிவத்தில் விட்டுக்கொடுத்து மரத்தில் உறுதியாக நில்லுங்கள்.

பிறகு உங்கள் உடம்பு. வீணை சம்மணமிட்டு அமர்ந்து வாசிப்பது. குடம் வலப்பக்கம் தரையில் அமரும், சுரைக்காய் இடது தொடையில் சாயும். தண்டி அகலமாக இருந்தால் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் பிடிக்க இடம் கிடைக்கும். சிறிய கைக்கு அதே அகலம் சுமையாகும். நீங்கள் கற்கும் பாணியைப் பற்றியும் இங்கே பேச வேண்டும். வீணை தனம்மாளின் (1867–1938) வாசிப்பு மென்மையான மீட்டுக்கும் நுணுக்கமான நாதத்துக்கும் பேர்போனது. எஸ். பாலசந்தர் (1927–1990) ஒரே மெட்டில் பல ஸ்வரங்களை இழுத்துப் பேசவைத்தார். மெல்லிய மீட்டுக்கு உடனே விழித்துப் பேசும் வீணை ஒருவிதம். நீண்ட இழுப்பைத் தாங்கி நாதத்தைக் கைவிடாத வீணை இன்னொருவிதம். குடத்தின் சுவரும் பலகையும் மெலிந்தால் ஒலி எளிதில் எழும், சீக்கிரம் அடங்கும், வெடிக்கும் அபாயமும் கூடும். கனத்தால் ஒலி தயங்கி எழும். இந்த இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்பது என்பது ஆசாரியின் கைப்பழக்கம். ஆனால் எந்தப் பக்கம் சாயவேண்டும் என்று சொல்லவேண்டியவர் நீங்கள். வார்த்தையில் சொல்ல வராவிட்டால் உங்கள் குருவை அழைத்துப் போங்கள், அல்லது அவரது வீணையை வாசித்துக் காட்டுங்கள்.

இந்த வரிசை நம் வாத்தியத்துக்கு மட்டும் உரியதல்ல. ஐரோப்பாவில் ஜெர்மனியின் மிட்டன்வால்ட் போன்ற ஊர்களில் டபுள் பேஸ் செய்யச் சொல்கிறவரும் இதே படிகளில்தான் ஏறுகிறார். செதுக்கிய ஸ்ப்ரூஸ் பலகையா, ஒட்டுப் பலகையா என்பது அவருடைய முதல் கேள்வி. செதுக்கியதில் நாதம் ஆழம். குளிர்காலத்து உலர்ந்த காற்றில் வெடிக்கக்கூடியதும் அதுதான். ஒட்டுப் பலகை அடிதாங்கும் என்பதால் பள்ளி இசைக்குழுக்கள் அதை வாங்குகின்றன. அடுத்து, அதிரும் தந்தியின் நீளம் தன் கைக்கு எட்டுமா என்று பார்க்கிறார். பொதுவாக அது 41, 42 அங்குலம். பருவம் மாறும்போது தந்தியின் உயரமும் மாறுவதால், குதிரையின் கால்களில் திருகு வைத்து ஏற்றி இறக்கும் ஏற்பாடும் உண்டு. மரம் எங்கேயும் மரம்தான். அதன் அசைவோடு வாழ அங்கே திருகைக் கண்டார்கள், இங்கே மெழுகைக் கண்டார்கள்.

அந்த மெழுகுதான் மாற்றக்கூடியவற்றில் தலையாயது. வீணையின் 24 மெட்டுகளும் மரத்தில் நேரடியாக அறையப்படுவதில்லை. தேன்மெழுகும் குங்கிலியமும் கரித்தூளும் கலந்து தண்டியின் மேல் இரண்டு வரப்பாகக் கட்டி, அதில் வெண்கல மெட்டுகளைப் பதிக்கிறார்கள். இதை மேளம் கட்டுதல் என்பார்கள். இரண்டு ஸ்தாயிக்கும் தலா 12 என்று மெட்டுகளை நிலையாக அமைக்கும் இந்த முறை, 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரகுநாத நாயக்கர் ஆண்ட தஞ்சாவூரில் உருப்பெற்றதாக மரபு சொல்கிறது. மேளம் கட்டுபவர் காதால் கேட்டு, மயிரிழை அளவில் மெட்டை நகர்த்திச் சுருதி சேர்க்கிறார். தண்டி கொஞ்சம் அசைந்தாலும் மெழுகை இளக்கி மெட்டைத் திரும்பச் சரிசெய்யலாம். மெழுகின் பலவீனம் வெப்பம். போடியின் சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் வீணையை வைத்தால் மெட்டுகள் சாயும். மெழுகுக்குப் பதிலாக வேறு கலவைகளையும் திருகு பொருத்திய மெட்டுகளையும் சில பட்டறைகள் செய்துபார்த்திருக்கின்றன. பழகிய விரலுக்கு மெழுகே ஒத்துவருகிறது என்பது என் கருத்து.

குதிரையின் மேல் பதித்த வெண்கலத் தகட்டின் வளைவு, தந்தி அதைத் தொட்டு அதிரும் விதத்தைத் தீர்மானிக்கிறது. மெட்டில் அடைத்த ஒலி வந்தால் மரத்தைப் பழிக்கும் முன் தகட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். பல நேரம் ஓர் அரத்தின் மெல்லிய தேய்ப்பில் நாதம் திறந்துவிடும். தந்திகள் ஏழு. சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம் என்ற நான்கும் மெட்டுகளின் மேல் ஓடும். தாளத்துக்கான மூன்றும் பக்கக் குதிரையின் மேல் ஓடும்.

வீணை தயாரானதும் வாசித்துப் பார்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. சாரணியைத் திறந்து மீட்டி, 12-ஆம் மெட்டில் மேல் ஷட்ஜம் சரியாக விழுகிறதா என்று கேளுங்கள். அது தந்தியின் நடுப்புள்ளி. 24-ஆம் மெட்டு அதற்கும் மேலான ஷட்ஜம் தரவேண்டும். அதே சோதனையை மற்ற மூன்று தந்திகளிலும் செய்யுங்கள். பிறகு ஒவ்வொரு மெட்டிலும் சம வலுவில் மீட்டி, எங்காவது நாதம் திடீரெனத் தேய்கிறதா, இரைகிறதா என்று கவனியுங்கள். நடு மெட்டுகளில் மூன்று ஸ்வரம் வரை இழுத்துப் பாருங்கள். தந்தி அடுத்த மெட்டில் உரசக்கூடாது. பிரடைகள் வழுக்காமல் நிற்க வேண்டும். கடைசியாக, எதிரே நான்கு அடி தள்ளி உட்கார்ந்து வேறொருவரை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். குடத்தின் நாதம் வாசிப்பவரைவிடக் கேட்பவருக்கே முழுமையாகத் தெரியும்.

பண விவகாரத்தை மரியாதையோடு தாளில் எழுதிக்கொள்வது இருவருக்கும் நல்லது. ஏகாந்தமா ஒட்டா, சுருதி எத்தனை கட்டை, முன்பணம், தரும் நாள், பெட்டி விலையில் சேர்ந்ததா, முதல் ஆண்டில் மேளம் சீர்செய்ய யார் பொறுப்பு என்பவை அதில் இருக்கட்டும். ஒரு வீணையில் பல கைகள் உழைக்கின்றன. மரம் கடைபவர் ஒருவர், பூ வேலை செய்பவர் ஒருவர், மேளம் கட்டுபவர் இன்னொருவர். தாமதம் எங்கே ஏற்படலாம் என்று கேட்டுவைத்துக்கொண்டால் மனக்கசப்பு வராது. பழைய வீணை வாங்குவதும் நல்ல வழியே. அதன் மரம் பல ஆண்டுகள் அசைந்து அடங்கியிருக்கும். ஆனால் யானைத் தந்தம் பதித்ததை விற்பதும் வாங்குவதும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்கும் அதன் திருத்தங்களுக்கும் மாறானது.

வீட்டுக்கு வந்த முதல் ஆண்டு ஒரு முழுப் பருவச் சுற்று. உலர்ந்த ஆடியையும் ஐப்பசி மழையையும் அந்த மரம் முதன்முறையாக நம் ஊரில் சந்திக்கும். சுவரோரம் ஈரம் ஏறும் இடத்திலும் சன்னல் வெயிலிலும் வைக்காதீர்கள். தோட்டத்துக்கு எடுத்துப்போனால் உறையைக் கழற்றுவதற்கு முன் சில மணி நேரம் அப்படியே விடுங்கள். சுருதி நகர்ந்த நாட்களைக் குறித்துவைத்து, ஆண்டு முடிவில் மேளம் கட்டுபவரிடம் சொல்லுங்கள். அந்தக் குறிப்பைக் கொண்டு அவர் செய்யும் சீரமைப்பு, புதிதாகக் கட்டியதைவிடப் பொருத்தமாக அமையும்.

அதனால்தான் விலை குறைந்த இடத்தைத் தேடுவதைவிட, திரும்பிப் போகக்கூடிய பட்டறையைத் தேடுவது அறிவு. வீணை பல தலைமுறை வாழும் பொருள். அதற்குத் தேவைப்படும்போதெல்லாம் மெழுகு கட்டவும் தகடு தேய்க்கவும் பயின்ற கை ஒன்று இருக்கவேண்டும். அந்தக் கை தொழிலில் நீடிப்பது, நம்மைப் போன்றவர்கள் சொல்லிவைத்து, காத்திருந்து, நியாயமான கூலி கொடுத்து வாங்குவதால்தான். மரத்தை முதலில் பாருங்கள், உங்கள் ஊரின் காற்றைச் சொல்லுங்கள், அலங்காரத்தைக் கடைசியில் பேசுங்கள். மிச்சத்தை ஆசாரியிடம் விடுங்கள்.