ஒருத்திக்காக ஓர் அடுப்பு

உணவைச் சுருக்கிக்கொள்வதே பெண்ணுக்கு அழகு என்று சொல்லும் கொன்றைவேந்தன் வரியைப் பள்ளியில் ஒருமுறையேனும் மனப்பாடம் செய்யாமல் வளர்ந்த தமிழ்ப் பெண் எங்கள் தலைமுறையில் அரிது. ஔவையின் பெயரில் வழங்கும் வரி அது. அதே பெயருடைய சங்கப் புலவர் ஒருத்தி, புறநானூற்றில் அதியமானுக்காக அழும்போது, அவன் தனக்குத் தந்த கள்ளையும் எலும்போடு கூடிய ஊன் துண்டுகளையும் நினைத்து அழுகிறாள். ஓர் அரசனோடு சமமாக உட்கார்ந்து உண்டதையும் குடித்ததையும் சொல்ல அவளுக்குக் கூச்சம் இல்லை. இருவரும் ஒருவர் அல்லர் என்பது ஆய்வுலகம் ஏற்றுக்கொண்ட செய்தி. ஆனாலும் இரண்டு பாடங்களையும் நடத்துகிறவள் என்ற முறையில் ஒன்று எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. உண்டவளின் பெயரைக் கொண்டே, உண்ணாதே என்று நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

அந்த வரி வழக்கொழிந்துவிட்டது என்று யாராவது சொன்னால், எங்கள் துறையின் ஆசிரியர் அறையில் மதிய வேளையில் பத்து நிமிடம் உட்காரச் சொல்வேன். டப்பாவைத் திறக்கும் ஒவ்வொரு பெண்ணும் முதலில் ஒரு விளக்கம் கொடுக்கிறாள். "இன்னிக்கு ஒருநாள்தான்." "காலையில ஒண்ணுமே சாப்பிடல, அதனாலதான்." "நாளையிலேர்ந்து மறுபடி டயட்." யாரும் அவளைக் கேட்கவில்லை. கேட்காத நீதிபதிக்கு அவளே வாக்குமூலம் தருகிறாள். பக்கத்து மேசையில் ஆண் பேராசிரியர் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரிக்கிறார். அவர் எவருக்கும் எதையும் விளக்குவதில்லை. "சார் நல்லா சாப்பிடுவார்" என்பது அவரைப் பற்றிய பாராட்டு. "அவ நல்லா சாப்பிடுவா" என்பதை அதே தொனியில் சொல்லிப் பாருங்கள், வராது.

இப்போது 'சீட் டே' என்று ஒரு சொல் வந்திருக்கிறது. வாரத்தில் ஒருநாள் விரும்பியதைச் சாப்பிடலாமாம். அதற்குப் பெயர் ஏமாற்றும் நாள். யாரை ஏமாற்றுகிறோம்? என் நாக்கு, என் வயிறு, என் காசு. நடுவில் ஏமாறுகிற அந்த இன்னொருவர் யார்? இந்தக் கட்டுரையின் கேள்வியும் இதுதான். உடலைப் பேணுவது கடமை என்கிறோம். சரி, பெண் தன் உடலைப் பேணுவது யாருக்குச் செய்யும் கடமை?

சென்ற ஆண்டு என் வகுப்பில் ஒரு மாணவி மயங்கி விழுந்தாள். தண்ணீர் தெளித்து உட்கார வைத்தபின் கேட்டேன்.

"காலையில என்னம்மா சாப்பிட்ட?"

"ஒண்ணும் இல்ல மேம். கல்யாணத்துக்கு இன்னும் நாற்பது நாள்தான் இருக்கு."

நாற்பது நாள் என்று அவள் எண்ணிச் சொன்ன விதம், ஒரு நோன்பின் கணக்கைப் போல இருந்தது. அவள் பாட்டி ஆடிவெள்ளிக்கும் சஷ்டிக்கும் பட்டினி கிடந்திருப்பாள், கணவன் ஆயுளுக்காக. இவள் புகைப்படத்துக்காகவும் ரவிக்கையின் அளவுக்காகவும் கிடக்கிறாள். தெய்வம் மாறியிருக்கிறது, படையல் மாறவில்லை. தானே விரும்பி நோன்பிருக்கும் பெண்ணிடம் எனக்கு வழக்கு எதுவும் இல்லை. பசி எப்போதும் வேறு யாருக்காகவோ இருக்க வேண்டும் என்ற ஏற்பாட்டோடுதான் வழக்கு.

பட்டினி இந்த ஏற்பாட்டின் ஒரு முகம். இன்னொரு முகத்தை என் அம்மாவிடம் பார்த்திருக்கிறேன்.

தாமிரபரணிக் கரையில் ஒரு சிற்றூர் எங்களுடையது. இரவு எல்லோரும் உண்டு எழுந்தபின் அம்மா சட்டிகளுக்கு நடுவே உட்காருவாள். "நீ சாப்ட்டியாம்மா?" என்று கேட்டால் ஒரே பதில்தான்: "எனக்கென்ன, இருக்கதச் சாப்ட்டுக்கிடுதேன்." இருக்கது என்பது சில நாள் அரை வயிற்றுக்கு வரும். சில நாள், விருந்தாளி வராமல் போன நாளில், மூன்று பேர் சோறாக இருக்கும். தீபாவளிக்குப் பத்து நாள் கழித்தும் டின்னில் கிடக்கும் அதிரசம், தம்பி கடித்து வைத்த வடை, வடித்துக் கூடிப்போன சோறு எல்லாம் அவளுக்குள் போகும். வீணாகக் கூடாது. வீட்டில் வீணாகக் கூடாத பொருள்களின் பட்டியலில் அவள் உடல் மட்டும் இல்லை.

நாற்பத்தெட்டில் சர்க்கரை வந்தது. அறுபத்திரண்டில் வலதுகாலின் பெருவிரலை எடுத்தார்கள். கட்டுப் பிரிக்க வந்த மருத்துவர், "இனியாவது வாயைக் கட்டுங்கம்மா" என்றார். அம்மா தலையாட்டினாள். அவள் வாயைக் கட்டாமல் இருந்த நாளே கிடையாது என்பதை நான் எப்படி அவருக்குச் சொல்வது? ஆசைப்பட்டுத் தின்று வந்த நோய் அல்ல அது. ஆசை என்ற ஒன்றைக் கேட்காமலே தின்று வந்தது.

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று 2019-21இல் நடந்தது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. அதே ஆய்வில் 40.4 விழுக்காட்டினர் அதிக எடையோ உடற்பருமனோ உள்ளவர்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பவர்கள் ஒன்று வறுமையின் கணக்கு, மற்றது வசதியின் கணக்கு என்று பிரித்துக்கொள்கிறார்கள். வறுமையும் உண்டு, மாறிவிட்ட உணவும் வேலையும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இரண்டும் சேர்ந்தால் நூறைத் தொட இன்னும் ஆறேதான் குறைகிறது. இரண்டு பட்டியலிலும் இடம்பெறும் பெண்களும் இருப்பார்கள். எனக்கு அந்த எண்களில் அம்மா தெரிகிறாள். போதாமல் உண்டவளும் கூடிப்போய் உண்டவளும் ஒருத்தியே. இரண்டு நாளும் அவள் உண்டது மிச்சத்தை.

குறுந்தொகையில் எல்லோருக்கும் பிடித்த ஒரு பாட்டு உண்டு. புதிதாக மணமானவள் கட்டித் தயிரைக் கையால் பிசைகிறாள். அந்த விரலைக் கழுவாமல் உடுத்திய துணியிலேயே துடைத்துக்கொள்கிறாள். தாளிக்கும் புகை கண்ணில் படிகிறது. கணவன் உண்டு இனிது என்கிறான். அவள் முகம் மெல்ல மலர்கிறது. மகள் நன்றாக இல்லறம் நடத்துகிறாள் என்று செவிலி நற்றாய்க்குச் சொல்லும் சான்றிதழ் இது. இருபதாண்டுகளாக இதை நடத்துகிறேன், இன்றும் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அவள் அதை உண்டாளா என்று செவிலி சொல்லவில்லை. நற்றாயும் கேட்டதாகத் தெரியவில்லை. கணவனை இழந்தபின் பெண் என்ன உண்ண வேண்டும் என்பதை மட்டும் புறநானூறு விவரமாகவே சொல்கிறது: நெய் படாத பிழிந்த சோறு, எள் துவையல், புளியிட்டு வேகவைத்த வேளைக்கீரை. அதைவிட ஈமத்தீயே மேல் என்கிறாள் பெருங்கோப்பெண்டு. தட்டில் என்ன இருக்க வேண்டும் என்பதை அவன் இருப்பதும் இல்லாததும் தீர்மானிக்கும் என்றால், அந்தத் தட்டை அவளுடையது என்று எப்படிச் சொல்வது?

நம் வீடுகளில் பெண்ணைத் தேடி உணவு வரும் காலங்களும் இருக்கின்றன. வயதுக்கு வந்தால் உளுந்தங்களி, குழிசெய்து ஊற்றிய நல்லெண்ணெயோடு. கருவுற்றால் வளைகாப்புக்குக் கலந்த சாதங்கள். பிள்ளை பெற்றால் பூண்டும் மிளகும் மணக்கும் மருந்துக்குழம்பு. "இன்னும் கொஞ்சம் சாப்பிடு" என்று அவள் கேட்கும் காலம் இந்த மூன்றுதான். உளுந்து இடுப்பெலும்புக்கு, பூண்டு தாய்ப்பாலுக்கு. மூன்றிலும் ஊட்டப்படுவது கருப்பை, அவள் நாக்கு உடன் சென்ற விருந்தாளி.

எனக்கு நாற்பத்தாறு வயது. மாதவிலக்கு நிற்கும் காலத்தில் இருக்கிறேன். இந்த வயதுக்கென்று எந்தக் களியும் குழம்பும் எங்கள் வீட்டில் கிடையாது. எலும்பு தேயத் தொடங்குவதும் தூக்கம் கெடுவதும் இப்போதுதான். ஆனால் இந்த உடலிடமிருந்து குடும்பத்துக்கு இனி ஆகவேண்டியது ஒன்றுமில்லை, அதனால் அதற்குச் சடங்கும் இல்லை.

போன ஆண்டுப் பரிசோதனையில் மூன்றுமாதச் சர்க்கரை அளவு 6.1 என்று வந்தது. நோய்க்கு முந்தைய படி. தினமும் நடக்கச் சொன்ன மருத்துவர் காரணமும் சொன்னார்: "உங்களுக்கு ஒண்ணுன்னா வீட்டுல யார் பார்ப்பாங்க?" நல்லெண்ணத்தோடு சொன்னதுதான். ஆனால் அந்த வாக்கியத்தில் என் உடல்நலமும் ஒரு வீட்டு வேலையாகிவிட்டது. பாத்திரம் கழுவி வைப்பது போல, நான் என்னைக் கழுவித் துடைத்து நாளைய உபயோகத்துக்கு வைக்க வேண்டும்.

நடப்பதற்கு முதலில் வேண்டியது காலணி அல்ல, நேரம். 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். அவ்வேலையில் கைவைக்கும் ஆண்கள் 97 நிமிடம். கைவைக்கும் ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான். இந்த 299இல் எந்த நாற்பதை எடுத்து நடப்பது என்பதை எந்த உடற்பயிற்சிச் செயலியும் சொல்வதில்லை. எங்கள் தெருவில் தூய்மைப் பணி செய்யும் பெண் விடியற்காலையிலிருந்து நடக்கிறாள், குனிகிறாள், தூக்குகிறாள். அதற்கு ஃபிட்னஸ் என்று யாரும் பெயர் வைக்கவில்லை, முதுகுவலி என்றுதான் பெயர். எடையின் கணக்கும் அப்படித்தான். பிஎம்ஐ என்று நாம் நடுங்கும் எண்ணுக்கு மூலமான கணக்கைப் போட்டவர், 19ஆம் நூற்றாண்டில் சராசரி மனிதனைத் தேடிய பெல்ஜியக் கணித அறிஞர் அடால்ஃப் கெட்லே. அதற்கு இப்போதைய பெயரைத் தந்த 1972ஆம் ஆண்டு ஆய்வு ஆண்களின் உடல்களை அளந்தது. கூட்டத்தை அளக்க வந்த கோலை என் இடுப்பில் வைத்து என் ஒழுக்கத்தை அளக்கிறார்கள்.

அப்படியானால் மனம்போல் தின்பதுதான் விடுதலையா என்று தோழிகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. சர்க்கரைக்குப் பெண்ணியம் தெரியாது. என் பசியின்மீது எனக்குள்ள உரிமையைப் பார்த்து அது என் காலை விட்டுவைக்காது. அம்மாவின் காலைக் கட்டிவிட்ட கை இது, அதை மறக்க முடியாது. ஆகவே சோறு குறைந்திருக்கிறது, ஓர் அகப்பை. அது இழப்புதான். சூடான சோற்றில் சொதியை ஊற்றி மூன்றாம் முறை போட்டுக்கொள்ளும் இன்பத்துக்குக் கம்பும் வரகும் ஈடு என்று நான் பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் குறைப்பதும் ஒறுப்பதும் ஒன்றல்ல. ஒறுப்பில் உடல் குற்றவாளி, பசி அதன் குற்றம். குறைப்பதற்கோ முதலில் அந்தப் பசியோடு பேசியாக வேண்டும்: உனக்கு என்ன வேண்டும், எவ்வளவு போதும் என்று. மிச்சத்தை நின்றபடி விழுங்குகிறவளுக்கு எது போதும் என்று தெரிய வழியே இல்லை. போதும் என்பது ருசித்தவளுக்கே தெரியும் சொல். அந்த வகையில் சுவையும் நலமும் எதிரிகள் என்று நமக்குச் சொன்னது பாதி உண்மைதான். பெரும்பாலான பெண்களுக்கு இரண்டுமே ஒரே இடத்தில்தான் பறிபோயிருக்கின்றன.

என் வீட்டில் செய்துகொண்ட ஏற்பாடு பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. எல்லோரோடும் சேர்ந்து உட்கார்ந்து, சூடாக உண்கிறேன். மிஞ்சியது குளிர்பெட்டிக்கோ தெருநாய்க்கோ போகும், எனக்குள் அல்ல. மாவரைப்பதும் இரவுத் தோசையும் இணையரின் பொறுப்பு. அந்த நேரத்தில்தான் நான் நடக்கிறேன். உதவி என்று அவர் சொன்னபோது பங்கு என்று திருத்தினேன், திருத்தம் நிலைக்கச் சில மாதம் ஆயிற்று. நடப்பது எடைக்காகவும் அல்ல. மூச்சு வாங்காமல் மூன்றாம் மாடி வகுப்புக்கு ஏறி, போனவுடன் பாடத்தைத் தொடங்குவது எனக்குப் பிடித்திருக்கிறது. இது எல்லோராலும் முடியாது என்பதும் தெரியும். மாதச் சம்பளமும் வாதாடும் வாயும் உள்ளவளால் முடிந்தது இது. ஆதலால்தான் இதைத் தனிப்பட்ட ஒழுக்கமாக உபதேசிக்க எனக்கு விருப்பமில்லை. தூய்மைப் பணிசெய்யும் அந்தப் பெண்ணிடம் போய், உட்கார்ந்து ருசித்துச் சாப்பிடு என்று சொல்வதற்கு முன், அவள் உட்கார ஓர் இடமும் அரைமணி நேரமும் கேட்டுப் போராட வேண்டும்.

அப்பா போனபின் அம்மா தனியாக இருந்தாள். எப்போது தொலைபேசியில் கேட்டாலும் காப்பியும் ரொட்டியும்தான் அவள் ஆகாரம். சமைக்கலாமே என்றால், "எனக்கு ஒருத்திக்காகவா அடுப்பப் பத்தவைக்க?" என்பாள். நாற்பதாண்டு சமைத்த கைக்கு, சமைக்கக் காரணம் இல்லாமல் போயிருந்தது. ஒருத்தி என்பது போதுமான எண்ணிக்கை அல்ல என்று யாரோ எப்போதோ அவளுக்குக் கற்பித்திருக்கிறார்கள்.

என் மாணவிகளுக்கு நான் கற்பிக்க விரும்புவது இதன் மறுபக்கத்தை. யாருடைய மனைவியாகவும் தாயாகவும் மணமகளாகவும் இல்லாத நாளிலும் பசிக்கும். அந்தப் பசிக்கும் ஓர் அடுப்பு எரியலாம். ஒருத்தி போதும்.