பிணியாளரைக் கேளாது வகுக்கும் திட்டம் அறமாகுமா?



ஒரு வட்டாரத்திற்கு வருங்காலத்தில் எத்தகைய மருத்துவ வசதி வேண்டும்? நகரில் ஒரே பெரிய மருத்துவமனையா, ஊர்தோறும் சிறு நிலையங்களா? இதனை ஆராய்வோர், ஒவ்வொரு வழியிலும் எத்தனை பேர் வருவர், எவ்வளவு நேரம் காத்திருப்பர், செலவு யாதாகும் என்று கணிப்பொறியில் மாதிரிகள் அமைத்து ஒப்பிடுகின்றனர். நன்முயற்சியே. ஆயினும் அக்கணக்கில் எதைச் சேர்ப்பது, எதை விடுப்பது என்று முடிவு செய்வோர் யாவர்?

யான் ஆலையில் உழைத்த காலத்தில் தொழிலாளருக்கென ஒரு மருந்தகம் திறக்கப்பட்டது. மருத்துவர் இருந்தார், மருந்தும் இருந்தது. திறந்திருந்ததோ முற்பகலில் மட்டும். தறியை விட்டுச் சென்றால் கூலி போகும். ஆகவே நோயோடு நின்று நெய்தோம். வருவோர் குறைவு, எனவே தேவையில்லை என்று எழுதி அதனை மூடிவிட்டனர். எண் பொய் சொல்லவில்லை. அதன் பொருளை அறிந்திருந்த எங்களை எவரும் கேட்கவில்லை.

மக்களைக் கேட்க வேண்டும் என்பது புதுக்கருத்தன்று. சர் ஜோசப் போர் தலைமையில் அமைந்த குழு, 1946இல் அளித்த அறிக்கையிலேயே சிற்றூர்தோறும் சுகாதாரக் குழு வேண்டுமென்றது. உடல்நலப் பணிகளைத் திட்டமிடுவதில் பங்கு கொள்வது மக்களின் உரிமை மட்டுமன்று, கடமையுமாகும் என்று 1978இல் அல்மா ஆட்டா மாநாடு அறிவித்தது. 2005இல் தொடங்கிய தேசிய ஊரக சுகாதார இயக்கமும் ஊர்க் குழுக்களையும் மருத்துவமனைகளில் நோயாளர் நலச் சங்கங்களையும் அமைக்க வழி செய்தது. தாய்லாந்து நாடு 2007ஆம் ஆண்டுச் சட்டத்தால் மக்களும் அறிஞரும் அரசினரும் கூடி ஆராயும் தேசிய சுகாதாரப் பேரவையை நிறுவியது.

"எழுத்தறியாதார்க்குக் கணிதம் விளங்குமோ?" என்பர் சிலர். மருத்துவ நுட்பம் மருத்துவருக்கே உரியது, மறுக்கவில்லை. ஆனால் பேருந்தில்லா நள்ளிரவில் பிரசவ வேதனையுற்றவள் கடக்க வேண்டிய தூரத்தை அவளன்றி யார் அறிவார்? வரைபடத்தில் அது சில மைல். அவளுக்கோ உயிருக்கும் சாவுக்கும் இடைப்பட்ட தூரம்.

பொருள் அளவுடையது. எவ்வழியைத் தேர்ந்தாலும் ஒரு சாரார் இழப்பர். இழப்போர் இல்லாத அவையில் அவர்தம் இழப்பை வகுத்தல் அறமன்று. முடிவை முன்னரே எழுதி வைத்துக்கொண்டு, பின்பு கருத்துக் கேட்டல் வஞ்சனை.

நமக்கும் கடமையுண்டு. அழைக்கும் கூட்டத்திற்குச் செல்லுதல் வேண்டும். அஞ்சாது உரைத்தல் வேண்டும். நம் தெருவுக்கு மட்டும் கேளாது, நம்மினும் தொலைவில் வாழ்வோன் துன்பத்தையும் எண்ணுதல் வேண்டும். அவ்வாறு எண்ணாதவன் அவையில் அமர்ந்தாலும் அக்கணக்கு நிறைவுறாது.