இருவகை அச்சம்

விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தக் கற்கும் இளையோர், பயிற்சிக்கூடத்தில் ராடார் திரையை ஒத்த திரைமுன் அமர்கின்றனர். அதில் நகரும் விமானங்களில் பயணிகள் எவருமிலர். எனினும் விமானங்களின் எண்ணிக்கை பெருகப் பெருக நா வறள்கிறது, குரல் தடுமாறுகிறது. எவரும் சாகாத இடத்தில் இவ்வச்சம் எதற்கு என நாம் வினவலாம்.

அச்சம் இருவகைப்படும். பிறர் உயிருக்காக அஞ்சுவது ஒன்று. நம் பெயருக்காக அஞ்சுவது மற்றொன்று. முன்னது விழிப்பைத் தருகிறது. பின்னதோ, 'என்னால் இயலவில்லை, உதவுங்கள்' என்னும் சொல்லைத் தொண்டையிலேயே அடக்கிவிடுகிறது.

2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியின் யூபர்லிங்கன் நகருக்கு மேலே இரு விமானங்கள் மோதி 71 பேர் மாண்டனர். அவ்வேளை சூரிச் கட்டுப்பாட்டு அறையில் இரு பணியிடங்களை ஒருவரே கவனித்து வந்தார்; உடன் பணியாளர் ஓய்வெடுக்கச் சென்றிருந்தார். அவ்வழக்கத்தை நிர்வாகமும் பொறுத்தே வந்தது. ஒருவர் தாங்கலாகாத சுமையை ஒருவரே தாங்குவது வழக்கமாகிவிட்டால், தனிமனிதத் திறமை மட்டும் எவரையும் காவாது.

பயிற்சிக்கூடத்தின் பேறு யாதெனில், அங்கே பயிற்சியை இடையில் நிறுத்தலாம். பிழையை உணர்ந்து மீண்டும் தொடங்கலாம். அப்பேற்றைப் பயிற்றுநரின் ஏளனம் கெடுத்துவிடலாகாது. பிழைக்காக நகைக்கப்பட்டவர் திருந்தக் கற்பதில்லை, மறைக்கவே கற்கிறார். தம் எல்லையை வாய்விட்டுச் சொல்லும் துணிவே அங்குக் கற்பிக்க வேண்டிய முதற்பாடம்.